ரேடியேட்டரை மாட்டியது யார்?

"திருடன்னா மாட்டியிருக்கறதைக் கழட்டிட்டுப் போவான். இவன் கழட்டிக் கிடக்கறதை மாட்டிட்டுப் போறான். இதுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடறது அக்கா?"

கேட்டவன் ஒட்டடை. சர்வேயர் டிராக்டரின் வயிற்றுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வேயர் என்பது அந்த அம்மாளின் பழைய உத்தியோகம். விபத்தில் நசுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து, எது விபத்தில் போனது, எது விபத்துக்கு முன்பே போயிருந்தது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வார். வண்டிகள் பொய் சொல்வதில்லை, வண்டிக்காரர்கள்தான் சொல்கிறார்கள் என்று அங்கே கற்றுக்கொண்டு, தனியாகத் துப்பறிய வந்துவிட்டார். உத்தியோகம் போனது, பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டடை அவருடைய உதவியாளன். மூங்கில் கழி மாதிரி உடம்பு, அதன் உச்சியில் கலைந்த முடி. பெயர் வைத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது.

வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் டிராக்டர். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்து இப்போது துருவும் சிவப்பும் பங்காளிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த கிழட்டு வண்டி. பின்சக்கரங்கள் சுவரில் சாய்ந்திருக்க, உடம்பு மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. உத்தரத்திலிருந்து பளு தூக்கும் செயின் புல்லி தொங்கியது. சுவரோரமாக பால் பவுடர் டின்கள். எல்லாவற்றிலும் போல்ட்டும் நட்டும்.

வண்டியைக் கழற்றிப் போட்டவர் இந்த வீட்டுப் பிள்ளை, மெக்கானிக். அப்பா அந்தக் காலத்தில் வாடகைக்கு உழுத வண்டி. அதை மறுபடியும் ஓடவைக்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். டீசல் பம்ப் மட்டும் தேறவில்லை. அந்த மாடல் பம்ப் இப்போது எங்கும் செய்வதில்லை. வெளியூர்ப் பழைய இரும்புக் கடைத்தெருவில் கிடைக்கலாம் என்று யாரோ சொல்ல, ஒரு காலையில் கிளம்பிப் போனார். திரும்பவில்லை. போன் அடங்கிவிட்டது. போலீஸ் கொஞ்ச நாள் தேடியது, பிறகு தேடுவதாகச் சொன்னது, பிறகு அதையும் சொல்வதில்லை.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. அப்போதுதான் டிராக்டர் தானாக வளர ஆரம்பித்தது.

மெக்கானிக்கின் மனைவி நேற்று சர்வேயரின் அலுவலகத்துக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "வீட்ல யாரும் இல்லாத நேரமாப் பார்த்து அவர் வர்றார் மேடம். ஒவ்வொண்ணா மாட்டிட்டுப் போறார். எங்க முன்னாடி வர ஏதோ தயக்கம். எங்க தங்கியிருக்கார்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

ஆதாரமும் சொன்னாள். கடைசி முறுக்கு முறுக்கிய போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைப்பது அவள் கணவரின் பழக்கம். மறுபடி தொட வேண்டாம் என்பதற்கு அடையாளம். புதிதாக மாட்டப்பட்ட ஒவ்வொன்றிலும் அந்தப் புள்ளி இருந்தது.

இன்று காலை அவள் வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய மாமனார் முழங்கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போயிருந்தார். கொட்டகைச் சாவி சர்வேயரிடம்.

"ஒட்டடை, இங்க வா. அவர் எதுக்காக வீட்டை விட்டுப் போனார்?"

"டீசல் பம்ப் வாங்க."

"பம்ப் எங்கே?"

என்ஜினின் பக்கவாட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. தூசி போகாமலிருக்கத் துணி அடைத்திருந்தது. துணி மேலே சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

"கிடைக்கலையோ என்னவோ. உப்பு வாங்கப் போன புருஷன் வெறுங்கையோட வந்தா வாசல்லயே நிக்க வேண்டியதுதான். அதான் மனுஷன் ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்றார்."

"சரி. இந்தப் பம்ப்பை மாட்டணும்னா முன்பக்க மூடியைத் திறக்கணும். மூடியைத் திறக்கணும்னா ரேடியேட்டரை இறக்கணும். பம்ப்பே வரல. அதுக்குள்ள ரேடியேட்டரை ஏத்தி வெச்சிருக்கு."

ஒட்டடை முன்னால் போய்ப் பார்த்தான். தேன்கூடு மாதிரி ரேடியேட்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. "சட்டை போட்டப்புறம் பனியன் போடற கதையா இருக்கே!"

"மெக்கானிக் அப்படிப் போட மாட்டான்."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப இது அவர் இல்லையா?"

"அவர் இல்லை. ரிப்பேர் தெரிஞ்சவரே இல்லை. கழட்டும்போது பக்கத்துல நின்னு பார்த்தவங்க யாரோ."

சர்வேயர் குந்தி உட்கார்ந்து கியர்பாக்ஸின் பக்க மூடியைத் தடவினார். எண்ணெய் கசியாமலிருக்க, மூடிக்கும் உடம்புக்கும் நடுவே தடித்த காகிதத்தில் கேஸ்கட் வைப்பார்கள். மூடியின் விளிம்புக்குச் சரியாக வெட்டுவதுதான் வழக்கம். இங்கே விளிம்பைத் தாண்டி, சுற்றிலும் ஒரே அளவில், அரை விரல் அகலத்துக்குக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. பிசிறு இல்லை. அதன் மேல் மங்கலான நீலக்கோடு.

"இப்படி ஓரம் விட்டு வெட்டறவங்க யாரு ஒட்டடை?"

"பத்தலைன்னா என்ன பண்றதுன்னு பயந்தவங்க."

"இல்லை. பிரிச்சுத் தைக்கறதுக்கு இடம் விடறவங்க. கோடு சாக்பீஸ் கோடு. அந்தப் பொண்ணு எங்க வேலை செய்யுதுன்னு சொன்னா?"

"பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில."

சர்வேயர் நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

*

தையல் கம்பெனியில் மெஷின்கள் ஒரே நேரத்தில் நின்றபோது, காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்த மாதிரி இருந்தது. சாப்பாட்டு நேரம். பெண்கள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்கள். அவள் மட்டும் மாடிப்படிக்குக் கீழே, வெட்டிப்போட்ட காலர் துணிக்கட்டு மேல் உட்கார்ந்திருந்தாள். சர்வேயரைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

"பார்த்துட்டீங்களா மேடம்? எங்க இருக்கார்?"

சர்வேயர் அந்தக் காகிதத் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை அவள். மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லை. ஏன் இப்படிப் பண்ணினே?"

"அவர் படுத்துட்டார் மேடம். இவர் போனதுலருந்து எழுந்திரிக்கவே இல்லை. தட்டுல போட்டது போட்டபடி இருக்கும். சுவத்தைப் பார்த்துக்கிட்டே படுத்திருப்பார். டாக்டர் உடம்புல ஒண்ணும் இல்லைங்கறார். என் கண்ணு முன்னாடியே தேய்ஞ்சுக்கிட்டு வந்தார். இவர் அந்த மூடியைக் கழட்டினப்ப டார்ச் புடிச்சவ நான். எது எங்க இருந்துச்சுன்னு தெரியும். மாட்டினேன். புள்ளி வெச்சேன். ஷெட்ல ஏதோ மாறியிருக்கு மாமா, போய்ப் பாருங்கன்னேன். கம்பை ஊனிக்கிட்டுப் போனார். ரொம்ப நேரம் வரவே இல்லை. வந்து, சோறு இருக்காம்மான்னு கேட்டார்."

அவள் குரல் உடைந்தது. உடனே ஒட்டவைத்துக்கொண்டாள்.

"அப்புறம் எப்படி நிறுத்தறது? காலையில மாமா ஆஸ்பத்திரி போனதும் ஒண்ணொண்ணா மாட்டினேன். கால் வைக்கிற பலகை, பிரேக் மிதி, கீழ இருக்கிற சின்னச் சின்ன சாமான். நெருப்புல கைய விட்டுட்டேன், எடுக்கத் தெரியலை."

ஒட்டடைக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் சரிங்க. நீங்களே மாட்டிட்டு நீங்களே எங்களைக் கூப்பிட்டா எப்படி? விடுகதை போட்டவங்களே விடை கேட்ட மாதிரி?"

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம்.

"ரேடியேட்டரை நான் மாட்டலை."

சர்வேயர் அவளையே பார்த்தார்.

"சத்தியமா மேடம். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறேன். மாமா, ஷெட்டைப் போய்ப் பாரும்மான்னார். போனா ரேடியேட்டர் நிக்குது. மஞ்சப் புள்ளியோட. என்னால அதை அசைக்கக்கூட முடியாது. மாமாவுக்கு ஒரு கால் மடங்கவே மடங்காது, செம்பு தூக்கினாலே கை நடுங்குது. வேற யார் வருவா? அவர்தான்! நான் விளையாட்டுக்கு ஆரம்பிச்சது நிஜமாயிருச்சு. அதுக்கப்புறம் சைலென்சர் வந்துச்சு, ஸ்டியரிங் வந்துச்சு. எதுவும் நான் தொடலை." கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ரேடியேட்டருக்குக் கீழ ரெண்டு நட்டை மட்டும் போடாமப் போயிட்டார். ஏதோ அவசரம். நான்தான் படுத்து முறுக்கிவிட்டேன். தப்பா மேடம்?"

"தப்பில்லை" என்றார் சர்வேயர். ஆனால் அதைச் சொன்ன விதம் வேறு மாதிரி இருந்தது.

மணி அடித்தது. அவள் காலர் கட்டைத் தூக்கிக்கொண்டு, நெடுநாளைக்கு முன் தொலைந்த நடையில், உள்ளே ஓடினாள்.

*

காருக்குள் ஒட்டடை வாயை மூடவே இல்லை. "அக்கா, கேஸ் தலைகீழாயிருச்சு! பொண்ணு வெச்சது பொய்ப்புள்ளி. அதைப் பார்த்து நிஜப்புள்ளி வந்திருக்கு. மனுஷன் எங்கேயோ பக்கத்துலதான் இருக்கார். அடி கிடி பட்டு நினைவு தப்பியிருக்கும். அதான் பம்ப்பை மறந்துட்டு ரேடியேட்டரைப் போட்டுட்டார். மறதிக்காரன் சட்டை மேல பனியன் போடறது சகஜம்தானே?"

சர்வேயர் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வண்டியை ஓட்டினார்.

"சந்தோஷப்படுங்கக்கா. நம்ம தொழில்ல இதெல்லாம் எப்பவாவதுதான் கிடைக்கும்."

"கீழ ரெண்டு நட்டு" என்றார் சர்வேயர்.

"அவசரம்னு சொன்னாங்களே."

"வாடகை வேலைன்னா அவசரம் இருக்கும். தன் வீட்டு வண்டிக்கு என்ன அவசரம்? மேல் நட்டையெல்லாம் முறுக்கி, புள்ளி வைக்க நேரம் இருந்திருக்கு."

கொட்டகைக்குத் திரும்பினார்கள். வீட்டுக்குள் ரேடியோ சன்னமாகக் கேட்டது. பெரியவர் வந்துவிட்டார். சர்வேயர் நேராக டிராக்டரின் முன்பக்கம் போனார். ஒட்டடை அலுப்புடன் அங்கே கிடந்த உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"நீங்க தேடுங்க. எனக்கு இந்த அலைச்சலுக்கு முதுகு விட்டுப்போச்சு."

"எழுந்திரு."

"உட்காரக்கூடாதா?"

"எழுந்து திரும்பு."

திரும்பினான். வெள்ளைக் கால்சட்டையின் பின்புறம் இரண்டு கறுப்பு அரைவட்டங்கள். கிரீஸ்.

"ஐயையோ! புதுத் துணிக்கா!"

"துப்பு கிடைச்சா முன்பக்கமா பின்பக்கமான்னு பார்க்கக்கூடாது. இதுல யாரோ உட்கார்ந்து வேலை செஞ்சிருக்காங்க. மெக்கானிக் குந்துவான், படுப்பான், வண்டிக்கடியில உருளுவான். ஸ்டூல் போட்டு உட்கார மாட்டான்." சர்வேயர் செயின் புல்லியின் சங்கிலியைச் சுண்டினார். "இதை இழுக்கப் பலம் வேண்டாம். பொறுமை இருந்தாப் போதும். கொஞ்சம் கொஞ்சமா இழுத்தா ஒரு கிழவன் கோயில் மணியையே ஏத்திடலாம். இப்ப இந்த வண்டியைப் பாரு. ரேடியேட்டர், சைலென்சர், ஸ்டியரிங். எல்லாம் இடுப்புக்கு மேல. அந்தப் பொண்ணு செஞ்சது எல்லாம் இடுப்புக்குக் கீழ. ஒருத்தருக்கு எட்டாது. இன்னொருத்தருக்கு—"

"குனிய முடியாது" என்று முடித்தான் ஒட்டடை.

வாசலில் கம்பு தட்டும் சத்தம்.

பெரியவர் நின்றிருந்தார். ஒரு காலத்தில் அகலமாக இருந்த தோள்கள், சட்டைக்குள் ஹாங்கர் மாதிரி தெரிந்தன. வலது காலை வீசி வீசி உள்ளே வந்தார்.

"என்ன மேடம், நீங்க வருவீங்கன்னு மருமக சொன்னா. பையனைப் பத்தி ஏதாவது தகவல்?"

"ரேடியேட்டர் நல்லா உட்கார்ந்திருக்கு ஐயா."

"அவன் கைவேலை. சும்மாவா?"

"கீழ் நட்டுக்குக் குனிய முடியலையா?"

ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஸ்டூலை இழுத்து, காலை நீட்டியபடி உட்கார்ந்தார். மறுக்கவில்லை. களைப்பாகத்தான் இருந்தார்.

"மருமககிட்ட சொல்லிடாதீங்க. உங்க காலைப் புடிக்கணும்னாலும் குனிய வராது. அதனால வாயால கேக்கறேன்."

"ஏன் செஞ்சீங்க?"

"என் பையன் நிஜமாவே வந்தான் மேடம். கியர் மூடியை அவன்தான் மாட்டினான். கால் பலகையைப் போட்டான். என் கண்ணால பார்த்தேன் அந்தப் புள்ளியை. செத்துப்போயிருந்தவன் நான் எழுந்து உட்கார்ந்தேன். அவன்தான்மான்னு மருமககிட்ட சொன்னா, ஆமா மாமாங்கறா. முகத்துல ஒரு அசைவு இல்லை. அவ நம்பலை. உள்ளுக்குள்ள அவனுக்குக் காரியம் பண்ணி முடிச்சுட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ராத்திரியெல்லாம் பேசவே மாட்டா. என் வீட்டுக்கு வந்த பொண்ணு அப்படி உட்கார்ந்திருந்தா நான் என்ன பண்ணுவேன்? சின்ன மூடிங்கறதால நம்பலை, பெருசா ஒண்ணைப் பார்த்தா நம்புவான்னு நினைச்சேன். அவ வேலைக்குப் போனப்புறம் நாள் பூரா சங்கிலியை இழுத்தேன். ரேடியேட்டரைப் பார்த்துட்டு வந்து அன்னிக்குத்தான் மேடம் அவ சிரிச்சா."

ஒட்டடை சுவர்ப் பக்கம் திரும்பி, டின்னிலிருந்த நட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"அதுக்கப்புறம் ஒண்ணு நடந்தது பாருங்க!" பெரியவர் முன்னால் சாய்ந்தார். கண்களில் ஒரு பெருமை. "கீழ் ரெண்டு நட்டை நான் போடலை. மறுநாள் வந்து பார்த்தா முறுக்கியிருக்கு. நான் பாதியில விட்டதைப் பையன் வந்து முடிச்சு வெச்சிருக்கான். அப்பாதான் செஞ்சார்னு அவனுக்குப் புரிஞ்சிருக்கும். சிரிச்சிருப்பான்."

*

வெளியே, மழை நின்ற வாசலில், ஒட்டடை முதலில் பேசினான். பேச்சில் விளையாட்டு இல்லை.

"சொல்ல வேண்டாம்கா."

சர்வேயர் கார் கதவில் சாய்ந்து நின்றார்.

"பெரியவர் சாப்பிடறார். அந்தப் பொண்ணு சிரிக்குது. ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் அந்த மனுஷனை உயிரோட வெச்சிருக்காங்க. ஆள் கிடைக்கலைன்னு சொல்லிட்டுப் போயிடலாம். நம்ம பேர் கெட்டா கெடட்டும்."

"இன்னும் என்ன மிச்சம் இருக்கு? பானெட், சீட்டு, பின்சக்கரம். அதையும் மாட்டிடுவாங்க. அப்புறம்?"

அவன் செருப்புக் காலால் ஈர மண்ணைக் கிளறினான்.

"அப்புறம் பம்ப்புக்காகக் காத்திருப்பாங்க. வராது. நான் சொல்லாட்டி அந்தக் காலி இடம் சொல்லும். அதுவும் தனித்தனியா சொல்லும்." சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொண்ணு. வர்றவனுக்காக வாசலைப் பார்த்துட்டிருக்காங்க ரெண்டு பேரும். போனவனை யாருமே தேடலை. நேத்து எனக்கும் அதே கதைதான். மாட்டறது யாருன்னு கேட்டேனே தவிர அவன் எங்க போனான்னு கேக்கலை."

"இனிமே தேடுவோம். அந்தக் கடைத்தெருவுல—"

"காலையில அந்த ஊருக்குப் போன் போட்டுக் கேட்டேன். கடைத்தெருவையே இடிச்சுட்டாங்களாம். ரோடு போட்டாச்சு. கடைக்காரங்க ஆளுக்கொரு திசை. அவனைப் பார்த்தேன்னு சொல்ல ஒரு கல்கூட அங்க இல்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நம்ம கையில துப்புன்னு இருந்தது இந்த டிராக்டர் ஒண்ணுதான். அதுவும் இப்போ போயிருச்சு."

*

மாலையில் மருமகள் வந்தாள். கைப்பையைக்கூட இறக்காமல் கொட்டகைக்கு ஓடி வந்தவள், மாமனாரும் சர்வேயரும் ஒன்றாக நிற்பதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

சர்வேயர் சுற்றி வளைக்கவில்லை. விபத்து வண்டியைப் பற்றி அறிக்கை சொல்கிற அதே குரலில் சொன்னார். "கியர் மூடியை மாட்டினது இவங்க. ரேடியேட்டரை மாட்டினது ஐயா. கீழ் ரெண்டு நட்டு மறுபடி இவங்க. இங்க வேற யாரும் வரலை."

இருவரும் சர்வேயரைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியவரின் உதடு அசைந்தது. குரல் பிறகுதான் வந்தது. "மூடி... நீயாம்மா?"

"நீங்க சாப்பிடலை மாமா."

"நீ பேசலையேம்மா."

அவ்வளவுதான் சொல்லிக்கொண்டார்கள். அழுவார்கள் என்று சர்வேயர் எதிர்பார்த்தார். அழவில்லை. அதைவிட மோசமான ஒன்று நடந்தது. மருமகள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு டிராக்டர் பக்கத்தில் போய், ஒவ்வொரு சாமான் மேலும் கை வைக்க ஆரம்பித்தாள்.

"சைலென்சர், மாமா?"

"நான்தான்மா." கம்பை ஊன்றி அவரும் பக்கத்தில் வந்தார். "கால் பலகை?"

"நான். ஃபேன் பெல்ட்?"

"அது நான். இந்தப் பிரேக் மிதி?"

"நான் மாமா."

ஒட்டடைக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேருமே மாட்டாத ஒன்றைத் தேடுகிறார்கள். ஒரே ஒரு சாமான். ஒரே ஒரு நட்டு போதும்.

முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் சுற்றி வந்தார்கள். அவள் குந்தி அடியில் பார்த்தாள். அவர் மேலே தடவினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உடனே கிடைத்தார். மஞ்சள் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வந்தன.

கடைசியில் அவள் எக்கி நின்று ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"இது?"

பெரியவர் கம்பை ஊன்றிக் கிட்டே வந்தார்.

"மாமா, இது நான் இல்லை. இது யாரு மாமா?"

பெரியவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. அவள் மூச்சு விடவில்லை. ஒட்டடை தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தான். சர்வேயரே கூட, ஒரு நிமிஷம், தன் கணக்கு எங்கேயாவது தப்பியிருக்கக்கூடாதா என்று ஆசைப்பட்டார்.

பெரியவர் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே ஆறிப்போன ஒரு கீறல்.

"நான்தான்மா" என்றார். "மறந்துட்டேன். இப்ப ஞாபகம் வந்துருச்சு."

அவள் தலையை ஆட்டினாள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டாள். தரையிலிருந்த கைப்பையை எடுத்துத் தூசியைத் தட்டினாள். அதில் தூசி இல்லாதபோதும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஐயா" என்று ஆரம்பித்தார் சர்வேயர். "நான் தேடறதை நிறுத்தலை. அவர் போன வழியிலேயே மறுபடி முதல்லருந்து—"

"சரி மேடம்" என்றார் பெரியவர். அந்தச் 'சரி'யில் ஒன்றும் இல்லை. அழைப்பு மணி அடித்தவரிடம் வீட்டில் யாரும் இல்லை என்று சொல்கிற மாதிரி. "நீங்க உங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சீங்க. கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? நாங்க பேசணும்."

வெளியே வந்தார்கள். பின்னால் தகரக் கதவு சாத்தப்பட்டது.

சர்வேயர் காரில் ஏறிச் சாவியைச் செருகினார். திருப்பவில்லை. பக்கத்து இருக்கையில் ஒட்டடை, கறுப்பு பட்ட கால்சட்டையை மறந்து அப்படியே உட்கார்ந்தான். கொட்டகைக்குள் பேச்சுக் குரல் கேட்கவில்லை. வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

பிறகு கேட்டது. போல்ட்டைத் திருப்புகிற ராட்செட்டின் கடகட ஓசை. கொஞ்சம் நின்று, மறுபடியும்.

ஒட்டடை கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தான்.

"மாட்டறாங்களா, கழட்டறாங்களாக்கா?"

"ரெண்டுக்கும் சத்தம் ஒண்ணுதான்" என்றார் சர்வேயர்.

இறங்கிப் போய்ப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.